பீரோவுக்குள் பதினெட்டு நாள்

அந்தப் பாஸ்போர்ட்டை நான் உண்மையிலேயே மறந்துதான் போனேனா? எட்டு மாதமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது கேட்கிறேன், துணி காயப்போடும்போது கேட்கிறேன். மறந்துதான் போனேன் என்று ஒரு நாளும், சும்மா சொல்லாதே என்று மறுநாளும் பதில் வருகிறது.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் சொந்தக்காரர்கள் என் சார்பில் சொல்லும் பதில், "வீட்ல இருந்து போன்ல பேசுதா" என்பது. அதில் பெரிய தவறு ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன பெண்களின் உரிமைகளைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு எழுதும் ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர் நான். எந்த நாளும் வேலை உண்டு, எந்த நாளும் உத்தியோகம் இல்லை என்பதுதான் ஃப்ரீலான்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு முறை வளைகுடாவுக்கே போய், ஒரு அறையில் பன்னிரண்டு பேர் படுக்கும் முகாம்களைப் பார்த்து எழுதினேன். மகள் பிறந்த பிறகு என் வெளிநாட்டுச் செய்திப்பிரிவு பாளையங்கோட்டையில் இரண்டாம் மாடிப் படுக்கையறைக்கு மாறிவிட்டது. அங்கே ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மடிக்கணினி. அவற்றுக்கு நடுவே, கிடைத்த காகிதத்தையெல்லாம் கிழிக்கும் வயதில் ஒரு பெண்குழந்தை.

வீட்டு வேலைக்குப் போன பெண்கள் எனக்குக் குரல்பதிவு அனுப்புவார்கள். பெரும்பாலும் குளியலறையில் இருந்துதான். அந்த வீடுகளில் அவர்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே அறை அதுதான். வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவார்கள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருந்து தமிழைப் பிரித்தெடுப்பதில் நான் இப்போது கைதேர்ந்தவள். அழுதுகொண்டே பேசியவர்கள்கூட, பின்னணியில் என் மகள் கத்துவதைக் கேட்டால் நிறுத்திவிட்டு, "பாப்பாவுக்கு என்ன செய்யுது? பல்லு மொளைக்குதா?" என்று கேட்பார்கள். தங்கள் பிள்ளையை விட்டுவிட்டு வேறு யார் பிள்ளையையோ வளர்க்கிறவர்கள், என் பிள்ளைக்குக் கிராம்புத்தண்ணி சொல்லுவார்கள். நான் அதையும் குறிப்பெடுத்துக்கொள்வேன், கட்டுரைக்கு ஆகும் என்று.

எனக்கு வேலை தரும் ஆசிரியர் நல்ல மனிதர். பெண்களின் பெயரை மாற்றச் சொல்வார், ஊரை மாற்றச் சொல்வார், அவர்களுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று பத்துமுறை நினைவூட்டுவார். அதன்பிறகு, "எந்த இடத்தில் அவளுக்கு மனம் விட்டுப்போனது?" என்று கேட்பார். யாராவது ஒருத்திக்கு மனம் விட்டுப்போகாமல் இருந்துவிட்டால் எங்கள் இருவருக்கும் சங்கடம். அந்தக் கட்டுரை வராது.

பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிகளைப் பற்றி மட்டும் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். அவர்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்கு மனப்பாடம். "பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தேன்." "அவளே வைத்துக்கொள்ளச் சொன்னாள்." "கேட்டால் கொடுத்திருப்பேன், அவள் கேட்கவே இல்லை." இந்த மூன்றையும் வரிசையாகப் போட்டு, கீழே ஒரு வரி இடம் விட்டு, வாசகரே முடிவு செய்யட்டும் என்று நிறுத்தியிருந்தேன். நன்றாக வந்திருப்பதாகப் பலர் எழுதினார்கள்.

இப்படி நான் எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் மகளை வைத்திருந்தது யார் என்று எவரும் கேட்கவில்லை.

அவர் களக்காட்டுக்காரர். வாழைத்தோட்ட வேலை செய்துகொண்டிருந்தவர், கணவர் இறந்த பிறகு மகளோடு பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன். சம்பளம் கொடுப்பவள் என்பதால் அவர் என்னை அக்கா என்பார். தங்கச்சியே இல்லாத, இரண்டு அக்காமார் மட்டும் உள்ள வீடு எங்களுடையது. காலை எட்டு மணிக்கு வந்தால் மாலை ஆறு வரைக்கும் பாப்பா அவர் இடுப்பில். என் மகள் முதலில் சொன்ன சொல் அம்மா இல்லை, "க்கா". அதைக் கேட்டு நான் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு என்பது அடிப்படை உரிமை என்று நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். ஞாயிறு என்பது எப்படி நினைவிருக்கிறது என்றால், அன்றைக்கு அக்கா அரை நாள் மட்டும் வந்திருந்தார். கட்டுரை முடியாததால் அதை முழு நாளாக்கச் சொல்லிக் கேட்டேன். "அதுக்கென்ன, இருக்கேன்" என்றார். கட்டாயப்படுத்தவில்லை. என் கட்டுரைகளில் வரும் முதலாளியம்மாக்களும் கட்டாயப்படுத்துவதில்லை.

போன ஆனி மாதம் ஒரு காலையில் அக்கா வந்ததும் பாப்பாவைத் தூக்காமல் நின்றார். கையில் நகைக்கடைப் பை.

"யக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கப்பிடாது."

"சொல்லுங்கக்கா."

"எங்க தெருவுல ஒருத்தி வெளிநாட்டுக்குப் போறா. வயசான அம்மா ஒண்ண பாத்துக்கிடுத வேலையாம். அரசாங்க அனுமதி உள்ள ஆபீஸ் மூலமாத்தான். இன்னொரு ஆள் வேணுமாம். எம்மவளுக்கு நர்சிங் காலேஜ்ல எடம் கெடைச்சிட்டு, மூணு வருசம் படிக்க வைக்கணும்லா. போவோமான்னு பாக்கேன்."

பையில் இருந்து பாஸ்போர்ட்டையும் ஒப்பந்தத் தாள்களையும் எடுத்து நீட்டினார். "நீங்க இதுலயே கெடக்க ஆளுல்லா. சரியா இருக்கா, ஏமாத்தா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா போறேன், இல்லன்னா வேண்டாம். மாசக் கடைசிக்குள்ள பாஸ்போர்ட்ட அங்கன ஒப்படைக்கணுமாம்."

தாள்களைச் சரிபார்ப்பதற்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. வேண்டுமென்றாலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம், "பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்" என்று வகுப்பெடுத்தவள் நான். ஆனால் கை நீட்டி வாங்கினேன். மேசைமேல் வைத்தேன். பாப்பா அதைக் குறி வைத்துத் தவழ்ந்து வந்தாள்.

"ஏ, ஏ, அதக் கிழிச்சிரப் போறா. உள்ள வையுங்கக்கா" என்றார் அக்கா.

பீரோவின் லாக்கரில், எங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டுக்கு மேலே வைத்துப் பூட்டினேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். அவரே வைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. அந்த நிறுவனத்தின் அனுமதி எண்ணைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். நான் அதைப் பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், முன்பின் தெரியாதவர்களுக்குக்கூட. அக்கா விஷயத்தில் மட்டும் எனக்குத் திடீரென்று பொறுப்புணர்ச்சி வந்துவிட்டது. இது சாதாரணமாகப் பார்க்கும் காரியமா, ஆழமாக விசாரிக்க வேண்டாமா என்று தோன்றியது. தெரிந்த இரண்டு பேருக்கு மின்னஞ்சல் எழுதலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. நடுவில் பாப்பாவுக்குக் காய்ச்சல். நடுவில் ஒரு கட்டுரைக்குக் கெடு. என்ன கட்டுரை என்று நான் சொல்லாவிட்டாலும் நீங்கள் யூகித்திருப்பீர்கள்.

"பாத்தியளாக்கா?" என்று ஐந்தாம் நாள் கேட்டார்.

"விசாரிச்சிட்டு இருக்கேன்க்கா. அவசரப்படக் கூடாது."

ஒன்பதாம் நாள் இன்னொரு முறை கேட்டார். அப்போது அங்கே ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமை ஒன்றை எடுத்துச் சொன்னேன். உண்மையான சம்பவம்தான், நானே எழுதியது. அக்கா பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார். "அட கடவுளே" என்றார். நான் சொல்லி முடித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எதற்கு வந்தது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை.

பதினெட்டாம் நாள் என் கணவர் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி லாக்கரைத் திறந்தார். அவருக்கு வங்கியில் வேலை. ஒரு தாள் இடம் மாறியிருந்தாலும் மூக்கில் வேர்க்கும்.

"ஏட்டி, இது யாரு பாஸ்போர்ட்டு?"

"அக்காவோடது. சரிபாக்கக் குடுத்தாங்க."

"எப்பம்?"

சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒங்கட்டுரை ஒண்ணு வாசிச்சிருக்கேன்லா. அதுல மொதப் பாராவே இதான. அதுல அந்த வீட்டுக்காரி அரபிக்காரி."

"சும்மா இருங்க. மறந்துட்டேன்."

"மறப்ப. நாளைக்கு அந்த அக்கா போயிட்டா பாப்பாவ யாரு பாக்கது? நீ கட்டுரை எழுதணும், நான் பேங்குக்குப் போணும். எனக்குந்தான் மறக்கும்."

அவர் தமாஷாகத்தான் சொன்னார். அவர் அப்படித்தான், ஊரே கேட்கும்படி உண்மையைச் சொல்லிவிட்டு ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

உடனே உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அனுமதி எண் சரி. ஒப்பந்தம் சரி. வேலை நேரம், விடுப்பு, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருந்தன. ஒரு ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் ஆண்டுக்கணக்காக எழுதிவந்தேனோ அப்படியே இருந்தது அந்தத் தாள். இப்படி ஒரு தாளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதால், போலியோ என்று இரண்டாம் முறை வேறு சரிபார்த்தேன்.

மறுநாள் அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் பாஸ்போர்ட்டை நீட்டினேன். "எல்லாம் சரியா இருக்குக்கா. நல்ல எடம். இன்னைக்கே போய்க் குடுத்துருங்க. நான் ஆட்டோ சொல்லுதேன்."

"அந்த எடத்துக்கு ஆளு போட்டாச்சுக்கா. மூணு நாளாச்சு."

"மாசக் கடைசின்னு சொன்னிய?"

"மாசக் கடைசிக்குள்ளன்னு சொன்னேன். முந்துனவளுக்குக் குடுத்துட்டாவ."

நான் ஏதேதோ சொன்னேன். காய்ச்சல், கெடு, மின்னஞ்சல், பொறுப்பு. மன்னிப்பும் கேட்டேன். அக்கா பாஸ்போர்ட்டை வாங்கி நகைக்கடைப் பையில் போட்டு, பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என் மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவரிடம் தாவினாள்.

"விடுங்கக்கா. பாப்பாவுக்கு நான் வேணும்லா" என்றார்.

அதில் குத்தல் இல்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். எனக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது; தெரிந்துகொண்டுதான் மூன்றாவது முறை கேட்கவில்லை. அவர் என்மேல் ஒரு சத்தம் போட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அக்காவின் தெருக்காரப் பெண் நல்லபடியாக அங்கே போய் இறங்கினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படம் வருகிறது. வெள்ளி அவருக்கு விடுமுறை. கடற்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டு ஒரு படம், பெரிய கடை ஒன்றில் தள்ளுவண்டியோடு ஒரு படம். அக்கா அவற்றை எனக்குக் காட்டுவார். "கொண்டு போன உடன்குடிக் கருப்பட்டி தீந்துட்டாம். அது ஒண்ணுதான் கொறையாம் அவளுக்கு." இப்படி ஒரு மனித உரிமை மீறலை நான் எழுதியதே இல்லை. ஆசிரியரிடம் சொன்னேன். கடற்கரைப் படத்தில் அவருக்கு ஆர்வம் இல்லை. பீரோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அற்புதம், இதை நீயே உன் அனுபவமாக எழுது" என்றார். ஆயிரத்து இருநூறு சொல், பதினைந்து நாளில். நான் எழுதவில்லை. அதாவது, ஆங்கிலத்தில் எழுதவில்லை.

இதோடு முடிந்திருந்தால் குற்ற உணர்ச்சியோடு நானும், கருப்பட்டி இல்லாமல் அவரும் என்று கதை நின்றிருக்கும். போன மாதம் அக்காவுக்கு இன்னொரு இடம் வந்திருக்கிறது. இந்த முறை அவர் என்னிடம் தாள் எதையும் தரவில்லை. பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே, போகிறபோக்கில் சொன்னார். அண்ணாச்சி ஒருவர் ஏற்பாடு செய்கிறாராம். முதலில் சுற்றுலா விசாவாம், அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாமாம். ஏர்போர்ட்டில் கேட்டால் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டுமாம். அக்காவுக்குத் தங்கச்சி கிடையாது.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு எனக்குப் பேசியவர்களில் பாதிப் பேர் இப்படிப் போனவர்கள். சுற்றுலா விசாவில் போனவருக்கு அங்கே ஒப்பந்தம் இல்லை, வழக்கு இல்லை, அவர் அங்கே இருப்பதாகவே எந்தத் தாளிலும் இல்லை. அந்த அண்ணாச்சியின் பெயரை வாங்கி அந்த மணியிலேயே பார்த்தேன். அரசாங்க அனுமதி உள்ளவர்களின் எந்தப் பட்டியலிலும் இல்லை. அக்காவிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "நீங்க அப்படித்தான் சொல்லுவிய."

"இல்லக்கா, இது நெசமாவே மோசம். போன தடவை நான் செஞ்சது வேற."

"போன தடவையும் கொடுமைக் கதை சொன்னிய. அவா அங்கன பீச்சுல இருக்கா."

நான் எழுதிய கட்டுரைகளைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அழுதவளையெல்லாம் எழுதியிருக்கிய. சிரிக்கவள ஒருத்தியவாது எழுதியிருக்கியளா?"

இல்லை. ஒருத்தியைக்கூட எழுதவில்லை.

அன்றைக்கு யோசித்தேன். என் பேச்சில் என் சுயநலம் இருப்பதால்தானே நம்பவில்லை, அந்தச் சுயநலத்தை எடுத்துவிட்டால் நம்புவார் என்று. படித்தவள் அல்லவா, யோசனை நன்றாக வரும். அடுத்த தெருவில் உள்ள குழந்தைக் காப்பகத்தில் ஒன்றாம் தேதியில் இருந்து பாப்பாவைச் சேர்த்துவிட்டேன். வந்து பெருமையாகச் சொன்னேன். "பாருங்கக்கா, நீங்க இல்லன்னாலும் எனக்குப் பாப்பாவப் பாத்துக்கிட வழி இருக்கு. எனக்காகச் சொல்லல. ஒங்களுக்காகத்தான் போகாதீங்கன்னு சொல்லுதேன்."

அக்கா பாப்பாவின் தலையைச் சீவிக்கொண்டிருந்தார். சீப்பு நின்றது.

"அப்ப என்னய வேலைய விட்டு நிப்பாட்டுதியளா?"

"ஐயோ, இல்லக்கா. நீங்க வழக்கம்போல வாங்க..."

"காப்பகத்துல விட்டுட்டு நான் வந்து இங்கன என்னத்தப் பாக்க? பீரோவையா?"

அவர் வாயில் இருந்து பீரோ என்ற சொல் வந்தது அந்த ஒரு தடவைதான். சடையைப் பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, பாப்பாவை என் மடியில் வைத்தார். "நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்க்கா" என்று மெல்லச் சொன்னார். அதுவரைக்கும் அவர் முடிவு செய்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்தான் செய்து கொடுத்தேன்.

இப்போது இரண்டு வாரமாக அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. பெட்டி வாங்கிவிட்டார் என்று மகள் சொன்னாள். அவள் நர்சிங் முதலாண்டு படிக்கிறாள், அம்மா போவதில் அவளுக்கும் பயம்தான், ஆனால் படிப்பை விட்டுவிடு என்று எப்படிச் சொல்வது. அடுத்த மாதம் நடுவில் பயணம் இருக்கும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறாராம்.

அந்த அண்ணாச்சிமீது ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கு அனுப்ப வேண்டும், எப்படி எழுதினால் உடனே எடுப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அனுப்பினால் அனேகமாக ஏர்போர்ட்டில் அக்காவை நிறுத்திவிடுவார்கள். அவர் பெட்டியோடு திரும்பி வருவார், மகளின் அடுத்த ஆண்டுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும், இரண்டாம் முறையும் தடுத்தது யார் என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அனுப்பாவிட்டால் அவர் போவார். நன்றாகவும் இருக்கலாம், சில பேர் இருக்கிறார்கள், நான் எழுதாதவர்கள். இல்லையென்றால் இன்னும் சில மாதத்தில் எனக்கு ஒரு குரல்பதிவு வரும்.

இதை வாசிப்பவர்களில் அங்கே வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் யாராவது இருந்தால், உங்களிடம்தான் கேட்கிறேன். என்னைப்போல் எழுதுகிறவர்களுக்கும் அபிப்பிராயம் இருக்கும். அவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். நீங்கள் புறப்படுவதற்கு முன்னால், யார் வந்து என்ன சொல்லியிருந்தால் நின்று கேட்டிருப்பீர்கள்? உங்களில் ஒருவர் அக்காவிடம் அரை மணி நேரம் பேச முடியுமா, நான் பக்கத்தில் இல்லாமல்? அதுவும் முடியாது என்றால் அந்தப் புகாரை அனுப்பவா, கிழித்துவிடவா? உங்களுக்குச் சரி என்று படுவதை, என் மனம் நோகுமே என்று பார்க்காமல், இந்தப் பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதுங்கள். பயணத் தேதி வருவதற்குள் எழுதினால் நல்லது.